நாலரை விரல்

குழாய்த் தண்ணீருக்கு ஞாபகம் வந்த வருஷம், சாயப்பட்டறைக்குப் பின்னால் இருக்கும் நூற்று நாற்பது வீடுகளிலும், யார் யார் எங்கெங்கே வியர்வையோடு சாய்ந்தார்களோ அங்கெல்லாம் அவர்களுடைய முதுகு பச்சையாகத் தெரிந்தது. முதல் முதுகு தெரிந்தது மழை ஓய்ந்து ஒன்பதாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, தண்ணீர் விடும் நேரமான காலை ஆறேகாலுக்கு. தையற்காரர் வீட்டில் சுவரைத் தண்ணீர் தொட்டுத் துடைத்திருக்கிறார்கள். ஈரம் காய்ந்ததும், செத்துப் பதினோரு வருஷம் ஆன தையற்காரரின் அப்பா, எப்போதும் உட்காரும் மூலையில், முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகச் சுவரில் இருந்தார். பாசி என்று நினைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்கத் தோள்பட்டையும் தெளிந்து வந்தது. இனித் தேய்த்தால் முகமும் வந்துவிடும், வந்தால் பேசுவார், பேசினால் நிறுத்த மாட்டார் என்று தையற்காரர் சொன்னதால் அத்தோடு விட்டுவிட்டார்கள்.

ஒரு மாதத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. வீட்டுச் சுவர், மாடிப்படிக் கைப்பிடி, கைவண்டியின் நுகத்தடி, பஸ் நிறுத்தத்துத் தூண், எல்லாவற்றிலும் ஆள் பதிந்திருந்தது. ஆளுக்கு ஒரு பச்சை. மூட்டை தூக்குகிறவர்களுடையது வேப்பிலைப் பச்சை, சமையல்காரர்களுடையது கொஞ்சம் மஞ்சள் ஓடியது. கை சும்மா பட்டுப் போன இடம் வெளிறியிருக்கும். ஊன்றி நின்ற இடம் கறுத்திருக்கும். உடம்பில் மட்டும் அது ஒட்டவில்லை. குளித்தவர்கள் பச்சை படாமல்தான் வந்தார்கள். வியர்க்காதவர்களுக்கு எங்கேயும் அடையாளம் கிடையாது. பட்டறை மேனேஜரின் வீட்டில் மூன்று மாடி, பதினான்கு நாற்காலி. ஒன்றிலும் அவர் இல்லை. தரையில்தான் இரண்டு பச்சைக் கோடுகள், தண்டவாளம் போட்டது போல, அறை அறையாகப் புகுந்து புறப்பட்டன. தரை துடைக்கிறவளின் முழங்கால்கள் அவை. மேனேஜர் சம்சாரம், "என்னம்மா இது, எங்க வீடு பூரா நீயே இருக்கியே" என்று கேட்டாளாம். துடைக்கிறவள், "நாந்தானேம்மா இருந்தேன்" என்றாளாம்.

இந்தப் பச்சையை ஊருக்குள் விட்டவள் குடுவைக்காரி. வேண்டுமென்று விடவில்லை. ஏரிக்கரை ஆராய்ச்சிக்கூடத்தின் பின்பக்க அறையில், இரண்டு தொட்டிகளுக்கு நடுவே நின்று, ஒரு நாளைக்கு நூறு கண்ணாடிக் குடுவை கழுவுவது அவள் வேலை. குடுவைகளில் கிருமி வளர்ப்பார்கள். கழுவுவதற்கு முன் அவற்றைக் கூடையோடு வேகவைத்துக் கொன்றுவிட வேண்டும். அதற்கு ஒரு ஆட்டோகிளேவ் உண்டு, அவள் வாயில் அது பெரிய குக்கர். நூற்று இருபத்தொரு டிகிரி, பதினைந்து நிமிஷம். கூடைக்கு மேல் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டுவார்கள். சூடு பட்டால் அதில் கறுப்புக் கோடு விழும். விழுந்த கோடு எந்தக் காலத்திலும் வெளுக்காது. கோடு இருந்தால் வெந்தது, கழுவலாம். கோடு இல்லையா, கிட்டே போகாதே. இவ்வளவுதான் அங்கே சட்டம், எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற சட்டம்.

ஆனால் குடுவைக்காரி எதையும் எறிந்து பழகாத வீட்டில் பிறந்தவள். வெந்த கூடையிலிருந்து டேப்பைக் கிழியாமல் உரித்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் வரிசையாக ஒட்டி வைப்பாள். விரிசல் விட்ட வாளிக்கு ஆகும், அறுந்த செருப்பு வாருக்கு ஆகும். அந்த மழைக்காலத்தில் புது டேப் தீர்ந்துபோனது. கேட்டு எழுதிக் கொடுத்த காகிதம் ஸ்டோர் அறையில் மூன்று மாதமாகத் தூங்கியது. கூடையின் துணி விலகாமல் இருக்க ஏதாவது ஒட்டத்தானே வேண்டும் என்று பழைய டேப்பையே, கோடு விழுந்ததையே, வேகாத கூடைகளுக்கு ஒட்டினாள். எது வெந்தது எது வேகாதது என்று நமக்குத் தெரியாதா என்ற நினைப்பு. எட்டு வருஷ வேலைக்காரிக்கு வருகிற நினைப்புதான். ஒரு வியாழக்கிழமை முழங்கால் வலி. இடது பக்கம் இருக்க வேண்டிய கூடை வலது பக்கம் இருந்தது. டேப்பில் கோடு இருந்தது. பதினெட்டுக் குடுவைகளையும் உயிரோடு கவிழ்த்துக் கழுவி முடித்துவிட்டுக் குக்கரைத் திறந்தபோது உள்ளே ஒன்றும் இல்லை, சில்லென்று இருந்தது. அதற்குள் சாக்கடை ஏரிக்குப் போய்விட்டது. ஊர் குடிப்பதும் ஏரித் தண்ணீர்தான். நகராட்சிக் காகிதத்தில் மட்டும் அவை இரண்டு வெவ்வேறு ஏரிகள்.

அந்தக் குடுவைகளில் இருந்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். ஊசி போடும் டாக்டர் அல்ல, படித்து வாங்கிய டாக்டர். கடல்தண்ணீர் குடிநீர்க் குழாயில் எப்போதாவது கலந்ததா என்று பின்னால் கண்டுபிடிப்பதற்காக, உப்பை ஒரு தடவை தொட்டால் மறக்காத கிருமியை நாலு வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள். கிருமிக்கு மூளை கிடையாதே, எப்படி ஞாபகம் வைக்கும் என்று டீ குடிக்கும் நேரத்தில் குடுவைக்காரி கேட்டாள். டாக்டரம்மா யோசித்துச் சொன்னாள்: "ரெண்டு ஓரகத்திங்க ஒரே வீட்ல இருக்கற மாதிரிக்கா. உள்ள ரெண்டு ஜீன் வெச்சிருக்கேன். ஒருத்தி பேசினா இன்னொருத்தி வாயைப் பொத்திடுவா. உப்பு வந்து ஒருத்தியைக் கிளப்பிவிட்டுட்டா, அப்புறம் உப்பு போனாலும் அவதான் பேசிட்டே இருப்பா. பச்சையா. பிள்ளைகுட்டிக்கும் அதே பேச்சுதான். வெளியிலேர்ந்து சூடு வந்து இன்னொருத்தியைத் தூக்கிவிட்டாத்தான் இவ அடங்குவா."

"எங்க வீட்லயும் ரெண்டு பேர்தாம்மா, நானும் எங்க நாத்தனாரும். ரெண்டு பேருமே பேசுவோம்" என்றாள் குடுவைக்காரி.

குழாய்க்குள் போன கிருமி எப்படிப் பழைய வியர்வையைத் தேடிப் பிடித்தது, ஆறு வருஷம் பத்து வருஷத்து உப்பையெல்லாம் எப்படி ஆள் ஆளாகப் பிரித்தது என்பதற்கு டாக்டரம்மாவிடம் பதில் இல்லை. அவள் அப்படிச் செய்யவில்லை. உப்பு என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தாள். எந்த உப்பு என்று சொல்லவில்லை.

குடுவைக்காரியின் புருஷன் செத்தது ஆறு வருஷத்துக்கு முன்னால், பட்டறையின் மூன்றாம் சாயத்தொட்டிக்குள். தொட்டியின் அடியில் விஷக்காற்று நின்றிருந்தது. உத்தரவு இல்லாமல் தானாக இறங்கினார் என்று பட்டறை எழுதிக் கொடுத்தது. தொட்டி மேஸ்திரி, தான் அந்தப் பக்கமே இல்லை என்று கையெழுத்துப் போட்டார். ஊர் அதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொண்டது. அவள் மட்டும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். அன்று காலை சண்டை. சைக்கிள் பம்பை யாருக்கோ இரவல் கொடுத்துவிட்டு வந்ததில் தொடங்கி, அவள் தம்பியின் கல்யாணம் வரை போன சண்டை. வாசல் தாண்டியவனைப் பார்த்து, "எங்கயாவது விழுந்து சாவு, நிம்மதியா இருப்பேன்" என்றாள். அவன் போய்விட்டான். ஆறு மணி நேரத்தில் விழுந்து செத்தான். தானாக இறங்கினார் என்று காகிதத்தில் படித்தபோது, யார் இறக்கியது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆறு வருஷமாக அந்த வார்த்தையை வாயில் கூழாங்கல் மாதிரி ஒதுக்கி வைத்துக்கொண்டே சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். சண்டையன்று உள்ளறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நாத்தனாருக்கு, புருஷனின் அக்காவுக்கு, அது காதில் விழுந்ததா என்பதுகூடத் தெரியாது. கேட்கத் துணிச்சல் இல்லை.

நாத்தனாருக்கு அந்த வருஷம் தொழில் கொழித்தது. குழாய்த் தண்ணீரில் துவைத்த சட்டை எல்லாம் அக்குளிலும் முதுகிலும் பச்சை பூத்து வந்தது. இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டால்தான் போயிற்று. "ஊர்க்காரன் ஒவ்வொருத்தனும் எத்தனை உழைக்கிறான்னு எனக்குத்தாண்டி தெரியும்" என்பாள். "கவுன்சிலர் சட்டைய இஸ்திரியே போட வேண்டாம். அப்படியே மடிச்சுக் குடுத்துடலாம்."

அவர்கள் வீட்டு வாசல் நிலையை நாத்தனார்தான் கழுவிவிட்டாள். காய்ந்ததும் வெளிப்பக்க மரத்தில், தோள் உயரத்தில், ஒரு கை வந்தது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், சுண்டுவிரல், முழுசாக நாலு. மோதிரவிரல் பாதி. பட்டறையில் துணி பிழியும் உருளையில் அவள் புருஷன் மேல்பாதியைக் கொடுத்துவிட்டு வந்த விரல் அது. ஊரில் வேறு யாருக்கும் நாலரை விரல் கிடையாது. கறுத்த பச்சை. ஊன்றி, நேரம் எடுத்து நின்ற கை. குடுவைக்காரி அதைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டைக் கேட்டுக்கொண்டு வெளியே நின்றிருக்கிறான். நின்று, அதை முழுசாக வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

நாத்தனார் பார்த்துவிட்டு, "செருப்பு மாட்டறதுக்கு ஊனியிருக்கான். சின்னதுலேர்ந்தே அவனுக்கு ஒத்தக்கால்ல நிக்க வராது" என்றாள். அது ஆறுதலுக்குச் சொன்னதா, நிஜமா என்று குடுவைக்காரியால் பிரிக்க முடியவில்லை. நிலையில் இருந்த கைக்கும் அது தெரியவில்லை. அது நின்றதை மட்டும் வைத்திருந்தது, நினைத்ததை வைத்திருக்கவில்லை.

தொட்டியைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. மூன்றாம் தொட்டியை அந்தச் சாவோடு மூடிவிட்டார்கள், தண்ணீர் படவில்லை. ஒரு வாளி குழாய்த் தண்ணீரை ஏணியில் ஊற்றினால் போதும். சாகப் போனவன் கை ஏணியில் இறங்கத்தான் செய்திருக்கும். மேலே வர ஒரு படியாவது பிடித்திருக்கிறானா என்று பார்த்துவிட வேண்டும். பிடித்திருக்காவிட்டால் அதையும் பார்த்துவிட வேண்டும். மூன்று தடவை பட்டறை வாசலுக்குப் போனாள். மேஸ்திரி உள்ளே இல்லை என்று மூன்று தடவையும் காவலாளி சொன்னான், மூன்றாவது தடவை மேஸ்திரியே பின்னால் நடந்து போய்க்கொண்டிருந்தார். மாசிவெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பட்டறையில் ஆண்கள் பனியனைக்கூடக் கழற்றிவிட்டார்கள். மேஸ்திரி மட்டும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டு வரை பொத்தான் மாட்டியிருந்தார். பொண்ணு பார்க்கப் போறியா மேஸ்திரி என்று கேலி பேசினார்கள். அவர் சிரிக்கவும் இல்லை, பொத்தானை அவிழ்க்கவும் இல்லை.

அந்த வாரம்தான் அவள் டாக்டரம்மாவிடம் டேப் விஷயத்தைச் சொன்னாள். டாக்டரம்மா அப்போது வீடு வீடாகப் போய் முதுகுகளை அளந்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு நோட்டை மூடினாள். வேலை போய்விட்டது என்றே குடுவைக்காரி நினைத்தாள். "நான் கேட்ட டேப்பை மூணு மாசமா வாங்கித் தரல. அதையும் சேத்துத்தானேக்கா எழுதணும்" என்றாள் டாக்டரம்மா. கடைசியில் இரண்டையும் எழுதவில்லை. இதெல்லாம் எத்தனை நாளைக்கு இருக்கும் என்று குடுவைக்காரி கேட்டாள்.

"கொல்றதுக்குத்தான் நூத்தி இருபத்தொண்ணு. மறக்கறதுக்கு நாப்பத்திரண்டு போதும். உயிரோட இருக்கும், ஒண்ணும் ஞாபகம் இருக்காது. சித்திரை வெயில்ல சுவர் அந்தச் சூட்டுக்கு வந்துடும்க்கா."

ஆக இரண்டு மாதம் இருந்தது. ஆனால் பட்டறைக்கு அத்தனை நாள் பொறுமை இல்லை. மேனேஜரின் சட்டைகளை வாங்க வந்த டிரைவர் நாத்தனாரிடம் சொல்லிவிட்டுப் போனான், நாளைக்குக் காலையில் பாய்லரிலிருந்து குழாய் இழுத்து மூன்றாம் தொட்டிக்கு நீராவி விடப்போகிறார்களாம், மேனேஜரே சொன்னாராம். மறுநாள் குடுவைக்காரி குடத்தில் தண்ணீர் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். குடத்தோடு வருகிறவளை எந்தக் காவலாளியும் நிறுத்தியதில்லை, உள்ளே தண்ணீர் வேலை என்று நினைத்துக்கொள்வான். தொட்டி மேட்டில் ஏறும்போதே ஆவி வாசனை வந்தது. தளம் வெதுவெதுவென்று இருந்தது. குழாயைச் சுருட்டிக்கொண்டு மேஸ்திரி தனியாக நின்றார். இரும்பு ஏணி ஈயம் பூசியது மாதிரிப் பளபளத்தது. அவள் ஒன்றும் பேசாமல் மண்டியிட்டுக் குடத்தைச் சாய்த்து, எட்டிய படிகளிலெல்லாம் தண்ணீர் விட்டாள். காயும் வரை உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரியும் நின்றுகொண்டே இருந்தார். காய்ந்தது. ஒரு விரல்கூட இல்லை. எட்டு வருஷமாக ஒரு நாளைக்கு இரண்டு தடவை கிருமிகளைச் சூட்டில் போட்டவள், சூடு என்ன செய்யும் என்று முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தாள்.

"ஆவி விட்டது நாந்தாம்மா" என்றார் மேஸ்திரி.

"தெரியுதுண்ணே" என்றாள்.

"விடலேன்னா வேற ஆள் விட்டிருப்பான்."

"அதுவும் தெரியுது."

அவள் வெறும் குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அப்போதுதான் அவருடைய இடது கையில், முழங்கையிலிருந்து விரல் வரை, ஈரச்சாக்கு சுற்றிக் கட்டியிருப்பதைப் பார்த்தாள். நீராவிக் குழாய் பிடிக்கிறவர்கள் வலது கையில்தான் சாக்கு சுற்றுவார்கள். இவர் வலது கையைச் சும்மா விட்டிருந்தார், புறங்கை வெந்து கொப்பளித்திருந்தது. அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மேஸ்திரி சாக்கை அவிழ்த்தார். சட்டைப் பொத்தானை அவிழ்த்தார். ஊரில் யார் உடம்பிலும் ஒட்டாத பச்சை அவர் மணிக்கட்டில் இருந்தது. கட்டைவிரல் ஒரு பக்கம், மறுபக்கம் இரண்டு முழு விரல், ஒரு பாதி விரல், ஒரு சுண்டுவிரல். கீழேயிருந்து மேலே பிடித்த பிடி. கறுப்பு என்றே சொல்லலாம், அத்தனை பச்சை.

"பத்து நிமிஷ வேலைதான்னு நாந்தான் எறக்கிவிட்டேன்" என்றார். "மொதல்ல மாட்டேன்னான். சீக்கிரம் வீட்டுக்குப் போணும்ணே, வீட்ல சண்டை, யாருக்கோ குடுத்த பம்பைத் திருப்பி வாங்கணும்னான். முடிச்சுட்டுப் போடான்னேன். எறங்கினவன் பாதியிலேயே ஏறி வந்துட்டான். கடைசிப் படி. நான் குப்புறப் படுத்துக் கையக் குடுத்தேன். புடிச்சான். எனக்கும் காத்து ஏறி மண்டை சுத்திச்சு. கைய விட்டது நாம்மா. அவன் விடல."

குடுவைக்காரி குடத்தைக் கீழே வைத்தாள். தன் கையை அந்தத் தடத்தின் மேல் வைத்து, விரலுக்கு விரல் பொருத்திப் பார்த்தாள். மோதிரவிரல் பாதிக்கு மேல் மேஸ்திரியின் தோலில் பட்டது. மற்றதெல்லாம் பச்சையில் பட்டது. கையை எடுக்கவில்லை. மதியச் சங்கு ஊதியதும் ஆட்கள் சாப்பிட வரிசையாக வந்தார்கள், பார்த்தார்கள், வேறு பக்கம் போய்ச் சாப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், ஆறு வருஷத்துக் கூழாங்கல்லையும் சேர்த்து. நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "கேட்டேண்டி அன்னிக்கே" என்றாள். "நான் அவனை வாரத்துக்கு நாலு தடவை சாவுன்னு சொன்னவ. நம்ம பேச்சைக் கேக்கற ஆளா இருந்தா பத்து வயசுலயே போயிருக்கணும்." பிறகு மேனேஜரின் சட்டை ஒன்றை எடுத்து, விரித்து, அதன்மேல் முகத்தை வைத்து அழுதாள். அந்தச் சட்டையில் முதல் தடவையாக ஒரு பச்சை பூத்தது. அதை அவள் அப்படியே மடித்து அனுப்பிவிட்டாள்.

மேஸ்திரி தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சட்டையைச் சுருட்டிக் கையை நீட்டினார். அதிகாரி கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, தோல் நோய் என்று எழுதிக்கொண்டார். தானாக இறங்கினார் என்ற வரி இன்றைக்கும் பட்டறைக் காகிதத்தில் அப்படியேதான் இருக்கிறது. மேஸ்திரியைத் தொட்டி, பாய்லர் பக்கத்திலிருந்து வெளி கேட்டுக்கு மாற்றினார்கள். தண்டனை என்று நினைத்து மாற்றினார்கள். பாய்லர் பக்கம் இனிப் போகக்கூடாத கை அது என்று அவருக்கு மட்டும் தெரியும்.

சித்திரையில் தகரக் கூரை வீடுகள் முதலில் மறந்தன. அப்புறம் மேற்குப் பார்த்த சுவர்கள், அப்புறம் பஸ் நிறுத்தம். தையற்காரரின் அப்பா ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனார், மகன் எழுந்து நின்றுகொண்டார். சில வீட்டில் ஈரச்சாக்கு தொங்கவிட்டு முதுகுகளைக் காப்பாற்றப் பார்த்தார்கள். குடுவைக்காரி வாசல் நிலைக்குச் சாக்குப் போடவில்லை. அந்தக் கை எந்த நாள் போனது என்று கவனிக்கவும் இல்லை, வேலைக்குப் போயிருந்தாள். அடுத்த மழையில் ஏரிக்குப் புதுத் தண்ணீர் வந்தது, குழாயும் ஊரும் பழையபடி ஆயின. டேப் இப்போது மாதம் ஒரு ரோல் தவறாமல் வருகிறது. கோடு விழுந்த துண்டுகளை அவள் இப்போதும் எறிவதில்லை, கத்தரியால் இரண்டாக வெட்டித்தான் ஒட்டி வைக்கிறாள்.

மேஸ்திரியின் கை மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருவார். ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையை நீட்டுவார். குடுவைக்காரி ஆராய்ச்சிக்கூடத்துப் பழைய தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, முப்பத்தாறு, முப்பத்தேழு என்பாள். காய்ச்சல் வந்தால் உடனே சொல்லி அனுப்ப வேண்டும் என்று கட்டளை. அப்புறம் அந்தத் தடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பாள். அன்றன்றைக்கு நடந்தது ஏதாவது பேசுவார்கள், தண்ணீர் வரவில்லை, முட்டி வலி, இந்த மாதிரி. கிளம்பும்போது நாத்தனார் அவருடைய முழுக்கைச் சட்டைகளை மடித்துக் கொடுப்பாள். உடம்பு, காலர், வலது கை எல்லாம் கத்தி மாதிரி மடிப்பு விழுந்திருக்கும். இடது கைப்பட்டையில் மட்டும் அவள் பெட்டியை வைப்பதில்லை. ஒரு கைப்பட்டை கசங்கிப்போன சட்டையோடு மேஸ்திரி கேட்டில் நிற்பதைப் பார்த்து இப்போது யாரும் ஒன்றும் கேட்பதில்லை.